கவிதைக்கு வந்த லாக்டோமீட்டர்

தேனி மாவட்டத்துக் கவிதைகளில் பொய் குறைந்துவிட்டது என்று நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால், அந்தப் பெருமை முழுவதும் ஒரே ஒரு மனுஷியைத்தான் சேரும். அவர் கவிஞர் அல்ல. விமர்சகர் அல்ல. பள்ளிக்கூடத்து மனப்பாடச் செய்யுளைத் தவிர வேறு கவிதை படித்தவரும் அல்ல. மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் டெஸ்டர். ஊற்ற வருகிற பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது வேலை. அதற்கான கருவியின் பெயராலேயே எங்களுக்கு அவர் லாக்டோமீட்டர் அக்கா. நிஜப் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். பட்டப்பெயரை எழுதினாலும் கோபித்துக்கொள்வார். இரண்டில் சின்னக் கோபமாகப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதால் நான் சென்னையைக் காலி செய்துவிட்டுச் சின்னமனூருக்குத் திரும்பியிருந்த சமயம். பகல் முழுக்க மாடி அறையில் ஒரு திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். இப்படியே ஆறு மாதம் போனதில், உயிருள்ள மனிதர் யாரையாவது நேருக்கு நேர் பார்த்துப் பேசாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. என் கூட்டாளி ஆனந்துக்கும் அதே வியாதி. இரண்டு பேரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஓப்பன் மைக் ஆரம்பித்தோம். யார் வேண்டுமானாலும் வரலாம். சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் மைக் உங்களுக்கு. அவ்வளவுதான் சட்டம்.

இடம், ஒரு ஜிம்முக்கு மேல்மாடி. வாரநாட்களில் கராத்தே வகுப்பு நடக்கும் ஹால். ஜிம் முதலாளிக்குக் கவிதை பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஹால் சும்மா கிடந்தது, கொடுத்தார். மேலே ஒரு பையன் உயிரைக் கொடுத்து, "என் மௌனத்தின் ஓசை உனக்குக் கேட்கிறதா?" என்று கேட்டு நிறுத்துவான். கீழே யாரோ ஐம்பது கிலோ இரும்பைத் தொப்பென்று தரையில் போடுவார்கள். கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்தார்கள். நர்சிங் படிக்கிற பெண்கள், பாலிடெக்னிக் பையன்கள், செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன், குமுளி ஜீப் ஓட்டுகிறவன். எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. இருப்புக் கொள்ளாமல் வந்தார்கள், பெயர் கொடுத்தார்கள், முறை வருவதற்குள் மூன்று தடவை தண்ணீர் குடித்தார்கள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை லாக்டோமீட்டர் அக்கா வந்தார். கவிதை கேட்க அல்ல. ஜிம் வாசலில் யாரோ அவருடைய ஸ்கூட்டருக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டார்கள். திட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டு மாடி ஏறினார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெடவெடவென்று உயரம். சேலை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகி, கையில் தூக்குவாளியோடு வாசலில் நின்றார். மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தது நான்.

என்னுடைய காதல் கவிதை. திராட்சைப் பந்தலின் நிழலில், ஈர மண்ணில் மல்லாந்து படுத்து, இலைகளுக்கு நடுவே தெரியும் வானத்தில் அவள் முகத்தைத் தேடியதாக எழுதியிருந்தேன். முடித்தேன். கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்ததும் வாசலிலிருந்து ஒரு குரல்:

"தம்பி, பந்தலுக்குக் கீழ எம்புட்டு நேரம் படுத்திருந்தீக?"

"சும்மா... கொஞ்ச நேரங்க்கா."

"மருந்தடிச்ச பந்தலா, அடிக்காததா?"

பந்தலுக்குக் கீழே நான் படுத்ததே இல்லை.

"நம்ம ஊருல மருந்தடிக்காத பந்தல் ஏது? அதுக்குக் கீழ வாயத் தொறந்துக்கிட்டு மல்லாந்து படுத்தா முகம் தெரியாது தம்பி, ஆஸ்பத்திரிதான் தெரியும்." பிறகு ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவுகளே படுக்கல. தண்ணி கலந்துட்டாக" என்றார்.

ஹால் அதிரச் சிரித்தது. அன்றைக்கு முழுக்க நான் தலை நிமிரவில்லை. திட்ட வந்த விஷயத்தை அவர் மறந்துவிட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். சாயங்காலப் பாலை அளந்து முடித்து, கேன் கழுவி, கை துடைத்த ஈரத்தோடு வந்துவிடுவார்.

உட்கார்ந்தார் என்றேன், அது பேச்சுக்கு. அந்த மனுஷிக்கு ஒரே நாற்காலியில் பத்து நிமிஷம் உட்காரத் தெரியாது. காலை ஆட்டுவார், எழுந்திருப்பார், ஜன்னல் வழியாக ஸ்கூட்டரைப் பார்ப்பார், வந்து வேறு நாற்காலியில் உட்காருவார். கொஞ்ச நாளில் ஆனந்த் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். கவிதை நன்றாக இருந்தால் அவர் ஒரு வரிசை முன்னால் வருகிறார். மோசமாக இருந்தால் வாசல் பக்கம் ஒரு வரிசை நகர்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மேடை ஏறிய எவனும் கூட்டத்தைப் பார்த்துக் கவிதை சொல்லவில்லை. அக்காவின் நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னான். ஜீப் டிரைவர் பையன் ஒரு நாள் 'நிலவே நிலவே' என்று ஆரம்பித்தான். இரண்டாம் வரியில் அக்கா கடைசி வரிசை. நாலாம் வரியில் படிக்கட்டு. அவன் முடிக்கும்போது கீழே ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

கேள்வி கேட்பதையும் அவர் விடவில்லை. பெரும்பாலும் இரண்டு வார்த்தைத் தீர்ப்புதான். "தண்ணி." அல்லது, "பரவால்ல." ஒரு கல்லூரி மாணவன் தமிழ்நாட்டையே திருத்துகிற மாதிரி எட்டு நிமிஷம் முழங்கினான். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கொழுப்பு நெறையா இருக்கு. சத்துதான் கம்மி" என்றார். பாலைப் பற்றித்தான் சொன்னாராம்.

எல்லாவற்றுக்கும் உச்சம், பாலிடெக்னிக் முகேஷ். அவன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தான். "நீ போனபின் அடுப்பு எரியவில்லை அம்மா, நான்தான் எரிகிறேன்" என்று உருகினான். நர்சிங் மாணவிகள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். ஆனந்தே மூக்கை உறிஞ்சினான். கடைசி வரியில் அம்மாவின் புகைப்படத்துக்கு மாலை போட்டு, முகேஷ் மைக்கிலேயே விம்மினான். அப்போது பின்வரிசையிலிருந்து,

"ஏலே, நீ கோழிக்கடைச் சந்து முகேஷ்தான?"

"ஆமாக்கா."

"உங்க ஆத்தா இப்பத்தான ஆறு லிட்டர் ஊத்திட்டுப் போனாக! கொழுப்பு கம்மியா வருதுன்னு எங்கிட்ட சண்டை வேற போட்டாக!"

முகேஷ் மைக்கை ஆனந்த் கையில் கொடுத்துவிட்டு, நேராகப் படி இறங்கிப் போனான். இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து, அம்மா பால் சங்கத்தில் சண்டை போடுவதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து சொன்னான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அக்கா மூன்று வரிசை முன்னால் வந்தார்.

இப்படியே விட்டால் வருகிற பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்று பயந்து ஆனந்த் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டான்: 'நிகழ்ச்சியின்போது கேல்வி கேட்கக் கூடாது.' அக்கா அதை நின்று படித்தார். "கேள்வின்னே எழுதத் தெரியல, அதுக்குள்ள கேக்கக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுவதும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அதைவிடக் கொடுமை வேறில்லை. ஒவ்வொருத்தனும் சொல்லி முடித்துவிட்டு மேடையிலேயே நின்றான். "அக்கா, ஏதாச்சும் சொல்லுங்கக்கா" என்று ஒருத்தன் கெஞ்சினான். அட்டையை நாங்களே கழற்றி எறிந்தோம்.

பிறகுதான் மலர் வந்தாள்.

மலர் மேகமலைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டுப் பெண். தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். கீழே கல்லூரி விடுதியில் தங்கி பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று ஞாயிறு வந்து சும்மா கேட்டுவிட்டுப் போனவள், நாலாவது ஞாயிறு பெயர் கொடுத்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காகிதம் இல்லை.

"எங்கம்மாவுக்கு ரேகை இல்ல.
தேயிலை தின்னுருச்சு.
காலையில கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம்னு
இருவது வருசமாத் தின்னுருச்சு.
ரேசன் கடை மிஷின் கேக்குது: நீ யாரு?
எங்கம்மா கட்டைவிரல வைக்குது.
மிஷின் சொல்லுது: அப்படி ஒரு ஆளே இல்ல."

கீழே ஜிம்கூட அமைதியாக இருந்தது. அப்போது நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. லாக்டோமீட்டர் அக்கா எழுந்து நின்றார்.

"நில்லு தாயி. ரேகை எப்படி இல்லாமப் போகும்?"

"இல்லக்கா."

"நான் பதினோரு வருசமா சோடா மாவுத் தண்ணியில கேன் கழுவுறேன். என் விரல வச்சா மிஷின் பட்டுனு எடுக்குது. மிஷின் கோளாறுன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். மனுசிக்கு ரேகையே இல்லைன்னு சொல்லாத. அது தண்ணி."

மலர் அவரைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் மைக்கைப் பக்கத்து நாற்காலியில் மெதுவாக வைத்தாள். செருப்பை மாட்டினாள். போய்விட்டாள். ஆனந்த் பின்னாலேயே ஓடினான். அவன் வாசலுக்குப் போவதற்குள் பஸ் ஏறியிருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா எந்தப் பக்கமும் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு எனக்கு போன்.

"தம்பி, அந்தப் புள்ள மூஞ்சி பொய் சொல்ற மூஞ்சியாத் தெரிஞ்சுச்சா?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏன் நேத்தே சொல்லல?" வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பால் சங்கத்தில் கலவரம் என்று கேள்விப்பட்டேன். அக்கா ஊற்ற வருகிறவர்களின் பாலைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டைவிரலைப் பார்க்கிறாராம். சோதனை செய்கிறவர் கையைப் பிடித்தால் யாருக்குத்தான் பதறாது? "சத்தியமா நான் தண்ணி ஊத்தலம்மா" என்று ஒரு பெரியவர் கேட்காமலே ஒப்புக்கொண்டிருக்கிறார். வரிசை ரோடு வரைக்கும் நின்றது. புதன்கிழமை, தேங்காய் உரிக்கிற ஒருவரின் விரலைப் பார்த்திருக்கிறார். கண்ணாடி மாதிரி வழவழ என்றிருந்ததாம். அதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை கல்லூரி விடுதி வாசலிலேயே போய் நின்றுவிட்டார். மலர் வெளியே வரவில்லை. அறைத் தோழிதான் வந்தாள்.

"சனிக்கெழம ஊருக்குப் போறாக்கா. மாசா மாசம் போவா. அவ போயி ரேகை வச்சாத்தான் அவுக வீட்டுல அரிசி வாங்க முடியும்."

வெள்ளிக்கிழமை எனக்கு மறுபடி போன். "நாளைக்குக் காலையில மேகமலை பஸ்சுக்கு வந்துரு."

"அதான் உண்மைன்னு தெரிஞ்சிருச்சேக்கா. எதுக்கு அம்புட்டு தூரம்?"

"நாலு பேரு முன்னாடி அந்தப் புள்ளையப் பொய்யின்னு சொன்னேன்ல? போன்ல சொல்லியா அது சரியாகும்?"

"நான் எதுக்கு?"

"தனியாப் போனா செக்கிங்குக்கு வந்த மாதிரி இருக்கும். நீ கூட வா. உன்னையப் பார்த்தா யாரும் பயப்பட மாட்டாக."

பதினோரு வருஷத்தில் அவர் லீவு போட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சங்கத்தில் என்னென்ன பால் வந்ததோ தெரியாது. மேகமலை பஸ்ஸில் அவர் ஆறு சீட் மாறினார். ரோடு எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு வளைவிலும் "இன்னும் எம்புட்டு?" என்று கேட்டார். மேலே போகப் போகக் குளிர் ஏறியது. தேயிலைச் சரிவு பச்சையாக விரிந்தது. அதைப் பார்க்கக்கூட அவருக்கு நேரமில்லை. "என்னன்னு ஆரம்பிக்க?" என்று கேட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்குப் பேச்சு தேட வேண்டியிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லைன் வீடு பூட்டியிருந்தது. ரேஷன் கடையில் இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போனோம். வரிசையில் மலரும் அவள் அம்மாவும் நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் மலரின் முகம் சுருங்கியது. அம்மா சின்ன உருவம்; தலையில் துண்டு கட்டி, மேலே பழைய ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

அவர்கள் முறை வந்தது. கடைக்காரர் மிஷினை நீட்டினார். "மொதல்ல நீங்க வைங்க. வச்சுப் பார்க்கணும்ல."

அம்மா கட்டைவிரலை வைத்தார். மிஷின் கீச்சென்றது. துடைத்து வைத்தார். கீச். அடுத்த விரல். கீச். பத்து விரலையும் வைத்தார். பழகிப்போன மாதிரி ஒவ்வொன்றாக வைத்தார். பின்னால் வரிசையில் யாரோ, "மக வைக்கட்டும், மழை வருதுல்ல" என்றார்கள். மலர் விரலை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டது.

லாக்டோமீட்டர் அக்கா முன்னால் போனார். அம்மாவின் கையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பினார். கறை ஏறிக் கறுத்து, வெடித்து, வெடித்த இடமெல்லாம் தேய்ந்திருந்தது. தன் விரலால் அந்தக் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தார்.

"யாரு தாயி நீங்க, நர்சா?" என்று அம்மா கேட்டார்.

மலர், "இல்லம்மா, கவிதைக் கூட்டத்துல இருந்து வந்திருக்காக" என்றாள்.

"நான் கவிதை இல்லக்கா, நான் பால்" என்றார் அக்கா. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார். "உங்க கையப் பத்தி இந்தப் புள்ள மைக்குல சொல்லுச்சு. நான் அத்தனை பேரு முன்னாடி பொய்யின்னு சொல்லிட்டேன். தப்பு எம்மேலதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அம்மாவின் முகம் மாறியது. கையை மெதுவாக உருவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அக்காவைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

"என் கையப் பத்தியா சொன்ன? ஊருக்குள்ள, மைக்குலயா?"

மலர் தலை குனிந்துகொண்டாள்.

"எல்லாரும் சிரிச்சாகளா?"

"யாரும் சிரிக்கலம்மா."

அம்மா அரிசிப் பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு, "வாங்க, டீயாச்சும் குடிச்சிட்டுப் போங்க. பஸ்சு வர நேரமாகும்" என்றார்.

லைன் வீட்டில் டீ குடிக்கும்போதுதான் முழுக் கதையும் வந்தது. மலருக்குக் கோயம்புத்தூரில் ஒரு கணக்கு ஆபீஸில் வேலை சொல்லியிருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் போக வேண்டும். மலர் போக மாட்டேன் என்கிறாள். மாதா மாதம் அங்கிருந்து வந்து விரல் வைக்க யார் லீவு கொடுப்பார்கள்?

"என் விரலுக்காக இவ இங்கனயே கெடக்கணுமா?" என்று அம்மா எங்களைக் கேட்டார்.

லாக்டோமீட்டர் அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அந்தச் சின்ன அறையில் இரண்டு எட்டுக்கு மேல் நடக்க முடியாது. அந்த இரண்டு எட்டையே இங்கும் அங்குமாக நடந்தார். "மனு எழுதுறோம். செவ்வாக்கெழம கீழ வாங்க. தாலுகா ஆபீசுக்கு நான் வாரேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை நான் கம்பெனிக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அலுவலகத்தில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மனுவைப் படித்தார்.

"விரல் இல்லைன்னு டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?"

"விரல் இருக்கு சார். ரேகைதான் இல்ல" என்றார் அக்கா.

அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "மாசா மாசம் பொருள் வாங்கியிருக்காங்களே! அப்புறம் என்ன பிரச்சினை?"

"அது மக விரல் சார். மக வேலைக்குப் போயிட்டா?"

"போகட்டும். அப்ப வந்து மனு குடுங்க."

அக்கா கால் மாற்றி மாற்றி நின்றார். ஜன்னலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மோசமான கவிதை கேட்கிற முகம். கிளம்பிப் போய்விடப் போகிறார் என்றே நினைத்தேன். திரும்பி மலரைப் பார்த்துச் சொன்னார்:

"தாயி, அன்னைக்கு நான் நிறுத்துன எடத்துலருந்து சொல்லு."

மலர் விழித்தாள். "இங்கனயா?"

"ஆமா. சாருக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

மலர் ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள். பிறகு மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மிஷின் சொல்லுது: அப்படி ஒரு ஆளே இல்ல.
ஆளே இல்லைன்னா
காலையில காட்டுல பேர் கூப்புட்டப்ப
இருக்கேன்னு சொன்னது யாரு?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அட்டை கடிச்ச காலோட
முப்பது கிலோ மூட்டைய
முதுகுல தூக்கிட்டு வந்தது யாரு?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் சொல்வதை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

"ஆளே இல்லைன்னா
என்னையப் பெத்தது யாரு?"

"நான்தான்" என்றார் அம்மா.

கவிதை என்றால் பதில் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியாது. அதிகாரியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். "நான்தான் சார். நான்தான் பெத்தேன்."

கதையாக இருந்தால் இந்த இடத்தில் அதிகாரி கண்ணைத் துடைத்திருப்பார். அவர் துடைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, "மனு ரெண்டு காப்பி வேணும். ஜெராக்ஸ் எதிர்த்தாப்ல" என்றார். நான் ஓடினேன். திரும்பி வருவதற்குள் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அதன்பிறகும் அக்கா மூன்று தடவை அந்த ஆபீசுக்கு நடந்தார். ஒரு மாதம் போல ஆயிற்று. கண்ணைப் படம் பிடிக்கிற மிஷின் அந்தக் கடைக்கு வருகிறவரை நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

கோயம்புத்தூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மலர் மாடிக்கு வந்தாள். கவிதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். ஒரு மாற்றம், "பெத்தது யாரு?" என்று முடிக்காமல், "நான்தான்" என்று முடித்தாள். கைதட்டு நிற்க வெகுநேரம் ஆனது. அது நின்றதும் லாக்டோமீட்டர் அக்கா எழுந்து மேடைக்குப் போனார். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மைக்கைத் தொட்டது அன்றைக்குத்தான். கவிதை சொல்லப் போகிறாரா?

"அன்னைக்கு இந்தப் புள்ள சொன்னது நெசம். நான் சொன்னதுதான் தண்ணி" என்றார்.

அவ்வளவுதான். ஹாலே எழுந்து கைதட்டியது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்குத் தட்டுறீக? தப்பு பண்ணதுக்கா? உக்காருங்க எல்லாரும்!"

உட்கார்ந்தோம்.

போன வருஷம் அவருக்குத் தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் கூட, பொறுப்பும் கூட. குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார். அங்கிருந்து பெரியகுளம் வந்து, தேனியில் மாறி, சின்னமனூர் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இனி வர மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறாவது வந்துவிடுகிறார். பஸ் எப்போதும் தாமதம்தான்.

எங்கள் கூட்டம் ஐந்து மணிக்கு. அந்த ஞாயிறுகளில் ஐந்தே கால் ஆகும், ஐந்தரை ஆகும், ஆனந்த் மைக்கைத் தட்டித் தட்டி "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். நான் வயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பேன். முகேஷ் ஜன்னல் ஓரம் நின்று பஸ் ஸ்டாண்டு ரோட்டைப் பார்ப்பான். புதிதாக வந்த பிள்ளைகள், "மைக்குல என்னண்ணே கோளாறு?" என்று கேட்பார்கள்.

மைக்கில் ஒரு கோளாறும் கிடையாது.